சிசேரியனுக்குத் திறக்கும் தியேட்டர் விபத்துக்கும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்துகளைப் பற்றி உங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைப் படித்து வருகிறேன். நெடுஞ்சாலைதோறும் பெரிய விபத்துச் சிகிச்சை மையம் கட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வேண்டும் என்கிறார் இன்னொருவர். இரண்டும் வந்தால் நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுவது பக்கத்தில் இருக்கும் முப்பது, ஐம்பது படுக்கை மருத்துவமனைக்குத்தான். அங்கே என்ன நடக்கிறது என்று யாருமே எழுதவில்லை. அப்படிப்பட்ட மருத்துவமனைகளில் தியேட்டர் சிஸ்டராக, அதாவது அறுவை அரங்கின் செவிலியராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அதனால் எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பல கிராமப்புற மருத்துவமனைகளில் இரவு இரண்டு மணிக்கும் திறக்கிற ஒரு தியேட்டர் ஏற்கெனவே இருக்கிறது, சிசேரியனுக்காக. மேசை இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆட்டோகிளேவில், அதாவது நீராவியில், கிருமி நீக்கிய துணிக்கட்டு தயாராக இருக்கிறது, மயக்க மருந்து கொடுக்க ஆள் வருகிறார், ஃப்ரிட்ஜில் இரண்டு பை ரத்தமாவது இருக்கிறது. அதே இரவில், அதே கட்டடத்தின் கேஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தபடி ஒருவர் படுத்திருப்பார். அவருக்கு அந்தத் தியேட்டர் கிடையாது. ரெஃபரல் சீட்டும் ஆம்புலன்ஸும்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வராந்தா.

புதிதாகக் கட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த வராந்தாவைக் கடக்க விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அடிபட்டவர் எதனால் இறக்கிறார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மூளை மோசமாகச் சிதைந்தவரை எங்கே கொண்டுபோனாலும் காப்பாற்றுவது கடினம். ஆனால் காப்பாற்றியிருக்கலாம் என்று பின்னால் வருந்துகிற சாவுகளில் முதலிடம் ரத்தப்போக்குக்குத்தான். வளர்ந்த ஒருவர் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடை எலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் தசைக்குள்ளேயே இறங்கிவிடும். இடுப்பெலும்பு பிளந்தால் அதைவிட அதிகம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தாலும் அப்படித்தான். இளவயதுக்காரர்கள் இன்னும் ஏமாற்றிவிடுவார்கள். ஒன்றரை லிட்டர் போகும்வரை ரத்த அழுத்தம் ஏறக்குறைய சரியாகவே காட்டும். நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும், கை கால் சில்லிட்டிருக்கும், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருப்பார். "பி.பி. நார்மல்தான், அனுப்பிடலாம்" என்று சீட்டு எழுதி அனுப்பியவர்களில் எத்தனை பேர் உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்பது அனுப்பிய மருத்துவமனைக்குத் தெரியவே தெரியாது. திருப்பித் தகவல் சொல்லும் வழக்கம் எங்கேயும் நான் பார்த்ததில்லை.

ஒரு இரவு நினைவிருக்கிறது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். சிசேரியன் ஒன்றை முடித்துவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். டிராக்டர் கவிழ்ந்து, ஸ்டியரிங் வயிற்றில் இடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இடது விலாவுக்குக் கீழே வலி, இடது தோளிலும் வலி. தோளில் அடியே பட்டிருக்கவில்லை. வயிற்றுக்குள் கொட்டிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். மண்ணீரல் கிழிந்ததற்கு அது பழைய அடையாளம், பயிற்சிக்கு வரும் செவிலியர் மாணவிகளுக்குக்கூடச் சொல்லித் தருவோம். டூட்டி டாக்டர் சின்னப் பையன், ஆனால் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். மயக்க மருந்து டாக்டர் இன்னும் தியேட்டர் உடையைக்கூட மாற்றவில்லை. பொது அறுவை மருத்துவர் அந்த ஊரிலேயே குடியிருந்தார், போன் செய்தால் வந்திருப்பார். பையன் சிசேரியன் செய்த மகப்பேறு மருத்துவரிடம் வந்து கேட்டான்: "மேடம், இங்கேயே போட்டுடலாமா?"

அவரிடமிருந்து பதில் இப்படி வந்தது: "இது மெட்டர்னிட்டி தியேட்டர் தம்பி. ஜெனரல் கேஸ் உள்ள வந்தா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அதைச் சொன்னவரை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை. உயிர் போனால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். எடுக்காமல் அனுப்பி, போகிற வழியில் உயிர் போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த மனிதர் ஒரே ஒரு ஊசிக்குழாயுடன், அதுவும் கையின் பின்புறம் போட்ட மெல்லிய ஊசியுடன், ஆம்புலன்ஸில் ஏறினார். பெரிய மருத்துவமனையின் வாசலைக்கூட அவர் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். மகப்பேறு தியேட்டரை உயிர் காக்கும் விபத்து அறுவைக்குத் திறக்கலாம், அதற்கு நிர்வாகம் பொறுப்பேற்கும் என்று எழுத்தில் ஒரு உத்தரவு இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பேச்சே வந்திருக்காது.

பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு வயிற்றுக்காயம் தெரியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, வயிற்றில் இரண்டு லிட்டர் ரத்தம் தேங்கி, வெளுத்துப்போய் வரும் பெண்களை இந்த டாக்டர்கள்தான் நள்ளிரவில் எடுக்கிறார்கள். கத்தி வைத்த சில நிமிடங்களில் உள்ளே கைவிட்டு, கசியும் இடத்தைத் தேடிப் பிடித்து, கிளாம்ப் போட்டு நிறுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கர்ப்பப்பை கிழிந்து வருபவர்களையும் அப்படித்தான். வயிறு நிறைய ரத்தத்தைப் பார்த்துக் கை நடுங்காதவர்கள் அந்த மருத்துவமனையில் அவர்கள் மட்டும்தான். மண்ணீரலை எடுக்கப் பொது அறுவை மருத்துவர் வேண்டும், சரி. அவர் வீட்டிலிருந்து வரும்வரை வயிற்றைத் திறந்து, துணி வைத்து அழுத்தி, கசிவைக் குறைத்துப் பிடித்திருக்க அவர்களுக்குக் குறுகிய பயிற்சியே போதும்.

'டேமேஜ் கன்ட்ரோல்' அறுவை என்று ஒரு முறை இருக்கிறது. 1993இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொட்டோண்டோ, ஷ்வாப் முதலியோர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ரத்தப்போக்கை நிறுத்து, கிழிந்த குடலைக் கட்டி அசுத்தம் பரவாமல் தடு, வயிற்றை முழுதாகத் தைக்காமல் மூடி வை, ஆளைச் சூடாக வை, மீதியை உடம்பு தேறியதும் பார்த்துக்கொள்ளலாம். சுருக்கமாக அவ்வளவுதான். அதிக ரத்தம் இழந்தவரை மேசையில் மணிக்கணக்கில் வைத்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சரிசெய்ய முயன்றால் உடம்பு குளிர்ந்து, ரத்தத்தில் அமிலம் ஏறி, ரத்தம் உறைவதே நின்றுபோய் அவர் இறந்துவிடுவார் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த முறை இது. பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனையில் உருவானாலும், இதனால் அதிகம் பயனடையக்கூடியது சின்ன மருத்துவமனைதான் என்பது என் எண்ணம். அரைகுறையாக முடித்து அனுப்புவதே இங்கே சரியான வைத்தியம். எங்களை மாதிரி இடங்களுக்கு இதைவிடத் தோதான முறை எது?

இந்த இடத்தில் தியேட்டர் சிஸ்டர்கள் சார்பில் கொஞ்சம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிசேரியன் செட்டை வைத்துக்கொண்டு இந்த அறுவையைச் செய்ய முடியாது. அதில் டோயன் ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) இருக்கும், அது அடிவயிற்றுக்கு. மேல் வயிற்றைத் தூக்கிப் பிடிக்க டீவர் ரிட்ராக்டர், ஆழமாகப் போகிற நீண்ட கிளாம்புகள், குடலுக்கான மென்மையான கிளாம்புகள் வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு டிரம்முக்குள் அடங்கிவிடும். மேலே 'விபத்து லேப்' (லேப்பரோட்டமி, வயிற்றைத் திறக்கும் அறுவை) என்று சீட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ் தேதி எழுதி, தனியாக வைத்துவிடலாம். சாவி பகல் சிஸ்டரிடம் இருக்கிற அலமாரிக்குள் மட்டும் வைக்கக் கூடாது. அப்புறம் மாப், ரத்தத்தை ஒற்றி எடுக்கவும் அழுத்தி வைக்கவும் உள்ள துணி. பெரிய மாப்கள், நூல் வால் வைத்தவை, நிறைய வேண்டும். கல்லீரலைச் சுற்றி அழுத்தி வைத்துவிட்டு அப்படியே மூடி அனுப்பும்போது உள்ளே எத்தனை மாப் இருக்கிறது என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதினால் மட்டும் போதாது. வயிற்றுக் கட்டின் மேலேயே மார்க்கரால் எழுதி அனுப்ப வேண்டும். காகிதம் தொலையும். அந்த எண்ணிக்கை தொலைந்தால் அடுத்த மருத்துவமனையில் ஒரு மாப் உள்ளேயே தங்கிவிடும். ஏ.சி.யை அணைக்க வேண்டும். டாக்டர்களுக்கு வியர்க்கும், பரவாயில்லை. சலைனைச் சூடாக்கி ஏற்ற வேண்டும். இதெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. ஆனால் ஆள் பிழைப்பதும் பிழைக்காததும் இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களிலும் இருக்கிறது.

மயக்க மருந்துக்கு ஆள் இல்லை என்பதுதான் வழக்கமாக வரும் அடுத்த பதில். இது பொய்யில்லை. ஆனால் அதற்கும் மகப்பேறு பக்கத்திலேயே விடை இருக்கிறது. இந்தியாவில் அவசரப் பிரசவ அறுவைகளுக்காக எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுத்தார்கள். முதுகில் ஊசி போடுவதோடு மூச்சுக்குழாய் வைப்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பயிற்சி. அப்படிப் படித்தவருக்கு விபத்துக் கேஸையும் பார்க்கத் தேவையான கூடுதல் பயிற்சியும், போனில் வழிகாட்ட ஒரு மூத்த மயக்கவியல் மருத்துவரும் கிடைத்தால் போதும். பயிற்சி முடித்தவரைத் தியேட்டரே இல்லாத இடத்துக்கு மாற்றல் செய்த கூத்தையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை. கெட்டமின் என்று ஒரு மயக்க மருந்து 1970 முதல் புழக்கத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. பெரும்பாலும் ரத்த அழுத்தத்தைக் குறைக்காது, மூச்சையும் நிறுத்தாது. பெரிய மயக்க மருந்து இயந்திரம் இல்லாத இடத்திலும், மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள்ளும், அதை நம்பி வேலை செய்யலாம். ரத்தம் இழந்தவருக்கு முதுகில் ஊசி போடுவது ஆபத்து. ஆகவே சிசேரியன் பழக்கத்தில் இதற்கும் முதுகு ஊசிதான் என்று இறங்கிவிடக் கூடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தரத்தான் கூடுதல் பயிற்சி.

நிபுணர்கள் கிராமத்துக்கு வரமாட்டார்கள் என்று புலம்புகிறவர்கள் மொசாம்பிக்கைப் பார்க்கலாம். அங்கே மருத்துவர் அல்லாதவர்களை அறுவைக்கென்றே பயிற்றுவிக்க 1984இல் தொடங்கினார்கள். அறுவைத் தொழில்நுட்பர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2007இல் வெளிவந்த ஆய்வின்படி, கிராமப்புற மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவைகளில் 92 சதவீதத்தை அவர்கள்தான் செய்திருந்தார்கள். பணியில் சேர்ந்து 7 வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 88 சதவீதம் பேர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தார்கள். அதே மாதிரி இடங்களில் முதலில் போட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இதை அப்படியே எல்லா நாட்டிலும் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் சங்கங்கள் கொதித்துவிடும், அவர்கள் பயத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. இருக்கிற ஆட்களுக்குக் கூடுதல் வேலை சொல்லிக்கொடுத்து, அந்த வேலையை எழுத்தில் அங்கீகரித்தால் நடக்கிறது என்பதற்குச் சாட்சியாக மட்டும் சொல்கிறேன்.

ரத்தம் பற்றிச் சொன்னால் பெரிதாகும். அவசரத்தில் வகை பார்க்காமல் யாருக்கும் கொடுக்கக்கூடிய ஓ நெகட்டிவ் சேமிப்பு ஃப்ரிட்ஜில் கிடைப்பது அரிது. ஓ பாசிட்டிவ் சில பைகள் எப்போதும் இருந்தால், ஆண்களுக்கும் பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண்களுக்கும் உயிர் போகிற அவசரத்தில் அதைக் கொடுத்து, வகை பார்த்த ரத்தம் வருவதற்குள் நேரத்தைச் சம்பாதிக்கலாம். தாய்மார்களுக்கென்று வைத்திருக்கும் பையை விபத்துக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த தாய்க்கு என்ன செய்வது என்ற தயக்கம்தான் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. எடுத்த பைக்குப் பதில் மறுநாள் காலைக்குள் வந்து சேரும் என்ற ஏற்பாடு இருந்தால் அந்தத் தயக்கம் போகும்.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு 40 நாடுகளில் 20,000க்கும் அதிகமான விபத்து நோயாளிகளிடம் நடந்தது. இந்த ஊசி போடாதவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், போட்டவர்களில் 14.5 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் சாலை விபத்தில் மட்டும் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பாருங்கள், அப்போது தெரியும். ஒரு கிராம் மருந்தைப் பத்து நிமிடத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும், பிறகு எட்டு மணி நேரத்தில் இன்னொரு கிராம். அடிபட்ட முதல் மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் பலனில்லை, கெடுதலாகவும் முடியலாம் என்று அதே ஆய்வின் விவரங்களை அலசி அடுத்த வருடம் எழுதினார்கள். அப்படியானால் இதை யார் கொடுக்க முடியும்? இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் பெரிய மருத்துவமனையா, முதலில் போய்ச் சேர்கிற சின்ன மருத்துவமனையா? பிரசவ ரத்தப்போக்குக்காக லேபர் வார்டு அலமாரியில் இந்த மருந்து இருக்கும். கேஷுவாலிட்டி டிரேயில் இருக்காது. மறுபடியும் அதே வராந்தா.

இடுப்பெலும்பு உடைந்தவருக்கு ஒரு போர்வைத் துணியை இறுக்கிக் கட்டினாலே ரத்தப்போக்கு குறையும். கட்டுகிற இடம் முக்கியம். இடுப்பின் மேல் வளைவில் கட்டுகிறார்கள், அது தப்பு. தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்திருக்கும் உயரத்தில் கட்ட வேண்டும். நெஞ்சில் காற்றோ ரத்தமோ நிறைந்து மூச்சுத் திணறுகிறவருக்கு விலாவிடையில் ஒரு குழாய் போட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டால் பத்து நிமிடத்தில் ஆள் மாறிவிடுவார். இதற்குத் தியேட்டர்கூட வேண்டாம். அந்தக் குழாயைப் போடாமல் மூன்று மணி நேரப் பயணத்துக்கு அனுப்புவதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

விபத்து நோயாளியை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் படிக்கிற ஏ.டி.எல்.எஸ். பயிற்சி பிறந்ததே ஒரு சின்ன மருத்துவமனையின் குறையால்தான். 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார், குழந்தைகளுக்குப் பலத்த காயம். அவர்களை எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்த கிராமப்புற மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைவிட, வயலில் வெறுங்கையோடு தான் செய்ததே மேல் என்று அவருக்குத் தோன்றியது. சும்மா இருக்கவில்லை. சக மருத்துவர்களோடு சேர்ந்து பாடத்திட்டம் எழுதினார், 1978இல் அதே மாநிலத்தின் ஆபர்ன் என்ற சிற்றூரில் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. கிராமத்து டாக்டருக்காக எழுதிய பாடம் அது. இன்றைக்கு அந்தச் சான்றிதழ் அதிகமாக இருப்பது யாரிடம் என்று பாருங்கள், நகரத்துப் பெரிய மருத்துவமனைக்காரர்களிடம்.

நான் சொல்வது ஒரு நர்ஸின் ஆசை மட்டுமில்லை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த உலக அறுவைசிகிச்சை ஆணையம் 2015இல் கொடுத்த அறிக்கையில், உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவைசிகிச்சை எட்டவில்லை என்றது. இரண்டு மணி நேரத்துக்குள் அது கிடைக்க வேண்டும் என்றது. ஒரு மருத்துவமனை தேறுமா தேறாதா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டவை மூன்று அறுவைகள்: சிசேரியன், வயிற்றைத் திறந்து பார்க்கும் அறுவை, எலும்பு வெளியே தெரிகிற முறிவுக்கான சிகிச்சை. மூன்றையும் செய்கிற இடம் வேறு பலவற்றையும் செய்துவிடும் என்பது கணக்கு. அதே வருடம் மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, அவசர, அத்தியாவசிய அறுவைசிகிச்சையையும் மயக்க மருந்துச் சேவையையும் எல்லாருக்குமான மருத்துவ வசதியின் பகுதியாக வலுப்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மூன்றில் ஒன்றை நாம் பல இடங்களில் ஏற்கெனவே இரவு பகலாகச் செய்கிறோம். அதற்காக வைத்த மேசையும் விளக்கும் ஆளும் மற்ற இரண்டுக்கும் பாதித் தூரம் வந்துவிட்டன என்பது ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற கேஸ்கள் இருக்கவே இருக்கும். அனுப்புவதிலும் முறை உண்டு. இரண்டு கையிலும் பெரிய ஊசி. கூடவே ஒரு செவிலியரோ மருத்துவரோ. ஆக்ஸிஜனை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பி வகை சிலிண்டரில் நிறைவாக இருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம். பயணமே இரண்டரை மணி நேரம் என்றால் என்ன அர்த்தம்? அதுவும் சிலிண்டர் நிறைந்திருந்தால். போகிற மருத்துவமனைக்கு முன்கூட்டிப் போன் செய்து, ஆளின் பெயரைக் கேட்டு, எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "கேஷுவாலிட்டியில சொல்லியாச்சு" என்பதை நான் நம்புவதில்லை.

போன் எதுவரை உதவும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2009இல் விக்டோரியா மாநிலத்தின் மேரிபரோ என்ற சிற்றூருக்கு, சைக்கிளிலிருந்து விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டிய ஒரு சிறுவன் வந்தான். அங்கே மூளை அறுவை மருத்துவரும் இல்லை, அதற்கான கருவியும் இல்லை. ராப் கார்சன் என்ற பொது மருத்துவர், மெல்பர்னிலிருந்து நரம்பியல் அறுவை நிபுணர் போனில் சொல்லச் சொல்ல, மருத்துவமனைப் பராமரிப்பு அறையில் கிடந்த வீட்டுத் துளைக்கருவியால் மண்டையில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்தார். சிறுவன் பிழைத்தான். எல்லாரும் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அந்த மருத்துவமனையில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது, கூப்பிட்டதும் அங்கே ஒருவர் எடுத்துப் பேசினார். நம் சின்ன மருத்துவமனைகளின் சுவரில் மருந்து கம்பெனி காலண்டர் இருக்கும், அந்த நம்பர் இருக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் நியாயமில்லை. விபத்துக் கேஸ் மேசையில் இருக்கும்போது குழந்தையின் இதயத்துடிப்பு விழுகிற ஒரு தாய் வந்துவிட்டால் என்ன செய்வது? மகப்பேறு மருத்துவர்கள் தியேட்டரை விட்டுக்கொடுக்கத் தயங்குவதற்கு உண்மையான காரணம் இதுதான், பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் அதற்கு அடுத்துதான். எனக்குத் தெரிந்த ஒரே பதில் இரண்டாவது மேசை. பெரும்பாலான தியேட்டர் பகுதிகளில் பகலில் சின்ன அறுவைகளுக்கு மட்டும் பயன்படும் பக்கத்து அறை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு விளக்கு, ஒரு சக்‌ஷன், ஒரு ஆக்ஸிஜன் இணைப்பு கொடுத்துவிடலாம். ஆனால் இரண்டு மேசைக்கும் மயக்க மருந்து டாக்டர் ஒருவர்தானே? இங்கேதான் நான் மேலே சொன்ன பயிற்சி பெற்ற இரண்டாவது மருத்துவர் வேண்டும். அவரும் இல்லாத இடத்தில் இந்த யோசனை நொண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே குறைந்தபட்சம் நெஞ்சுக்குழாயும், இடுப்புக் கட்டும், டிரானெக்ஸாமிக் ஊசியும், முதல் பை ரத்தமும் கொடுத்து அனுப்பட்டும்.

இன்னொன்று, டாக்டர்களை அடிப்பது. மேசையில் ஒருவர் இறந்தால் கண்ணாடியை உடைக்கிற கூட்டம் இருக்கும்வரை எந்த உத்தரவும் வேலை செய்யாது, அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம் என்று ஒவ்வொரு இளம் மருத்துவரும் தானாகவே கற்றுக்கொள்வார். முயன்று பார்த்தவருக்கு மருத்துவமனைத் தலைமை முன்னால் வந்து நின்று உறவினர்களிடம் பேச வேண்டும். இரவுப் பணியில் ஒரு காவலர் வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீட்டைவிட மனசுதான் அதிகம் வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்கள், மயக்கவியல் மருத்துவர்கள் பலர் உங்கள் நாளிதழைப் படிப்பவர்கள் என்று தெரியும். இரண்டாவது மேசை பற்றி நான் சொன்னது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால் ஏன் என்று இதே பகுதியில் எழுதட்டும். தியேட்டரைத் திறந்துவிட்டு வேலை செய்து பார்த்தவர்கள் இருந்தால் அவர்களும் எழுதட்டும், முக்கியமாக இரவில் எத்தனை பேரை வைத்துச் சமாளித்தார்கள் என்பதை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் செவிலியர் ஒருவர்